வீட்டு விஞ்ஞானம்: டிஸ்க்கைக் காணவில்லை!

"ராஸ்பெரி பை" என்ற பெயரைக் கேட்டதும், ஏதோ சீமைப் பலகாரம் போலும் என்று நேயர்களில் சிலர் எண்ணக்கூடும். பலகாரம் அல்ல, கம்ப்யூட்டர். தபால் கார்டில் பாதிகூட இல்லாத ஒரு பச்சைப் பலகை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் உருவாகி, 2012-ஆம் வருஷம் பிப்ரவரி 29-ந் தேதி முதன் முதலாக விற்பனைக்கு வந்தது. நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை வரும் தேதியில் பிறந்த குழந்தை! பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கம்ப்யூட்டரை வெறும் விளையாட்டுப் பெட்டியாக வைத்துக்கொள்ளாமல், அதற்கு வேலை கற்பிக்கும் வித்தையைப் பழக வேண்டும் என்பதே அதை உண்டாக்கியவர்களின் நோக்கம். அக்காலத்தில் விலை 35 டாலர். பிள்ளைகள் எவ்வளவு கற்றார்களோ, நாம் அறியோம். ஆனால் பெற்றோர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். குடும்பத்துப் புகைப்படங்களைச் சேர்த்து வைக்கும் பீரோவாகவும், சங்கீதப் பெட்டியாகவும், இரவும் பகலும் விழித்திருந்து ஏவிய வேலையைச் செய்யும் ஊழியனாகவும் அது இன்று அநேக வீடுகளில் அமர்ந்திருக்கிறது.

இந்த ஊழியனுக்குச் சொந்தப் பெட்டி படுக்கை ஒன்றும் கிடையாது. விரல் நகத்தளவு மெமரி கார்டு ஒன்றுதான் அதன் ஆஸ்தி. ஆகையால், பக்கத்திலுள்ள யூஎஸ்பி துவாரத்தில் பென்டிரைவையோ ஹார்ட்டிஸ்க்கையோ செருகி, அதில்தான் நம்முடைய பொக்கிஷங்களையெல்லாம் வைக்கிறோம். வம்பு அங்கேதான் ஆரம்பமாகிறது.

இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் இதைப் பற்றிய புகார்கள் பல வேஷங்களில் வருகின்றன. "நேற்று வரை இருந்த டிஸ்க் இன்று காணவில்லை" என்பார் ஒருவர். "சின்னக் கோப்பாக இருந்தால் போய்ச் சேருகிறது, பெரிய கோப்பை அனுப்பினால் பாதியில் நின்றுவிடுகிறது" என்பார் இன்னொருவர். "டிஸ்க்கைச் செருகினால் கம்ப்யூட்டரே எழுந்திருக்க மாட்டேனென்கிறது" என்று மூன்றாமவர் முறையிடுவார். வேஷங்கள் எத்தனையானாலும், உள்ளேயிருக்கும் நடிகர்கள் நாலைந்து பேர்தான். அவர்களை ஒவ்வொருவராய் அடையாளம் கண்டுகொள்வோம்.

அதற்கு முன்னால், செய்யத்தகாத காரியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதை மட்டும் படித்துவிட்டு மற்றதைத் தள்ளிவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

என் நண்பர் ஒருவர் வீட்டில், காலஞ்சென்ற அவருடைய தகப்பனாரின் குரலைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். பெரியவர் தம்முடைய இளமைக் காலத்துக் கதைகளையெல்லாம் வாய்விட்டுச் சொன்னது, இடையிடையே பாட்டு, நடுவில் "காப்பி ஆறுகிறது" என்று அவருடைய சம்சாரம் குறுக்கிட்ட குரல் உட்பட. இவ்வளவும் ஒரு ஹார்ட்டிஸ்க்கில் இருந்தது, வேறெங்கும் இல்லை. ஒரு நாள் அந்த டிஸ்க் ராஸ்பெரி பையின் கண்ணுக்குத் தெரியவில்லை. காலேஜில் படிக்கும் பிள்ளை அதைப் பிடுங்கித் தன்னுடைய விண்டோஸ் லேப்டாப்பில் செருகினான். உடனே திரையில் ஒரு சீட்டு எழுந்தது: "இந்த டிஸ்க்கை உபயோகிக்க வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?"

"அப்பா, கேட்கிறதே, சரி என்று சொல்லிவிடட்டுமா?" என்றான் பையன்.

"கேட்டால் சொல்லிவிட வேண்டியதுதானே?" என்றார் நண்பர், பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமல்.

ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த பாட்டியம்மாள்தான், "என்னவென்று தெரியாத சமாசாரத்துக்கெல்லாம் சரி சொல்லாதேடா, கண்ணா!" என்றாள். பையனும் கையை எடுத்துவிட்டான். அந்த அம்மாளுக்குக் கம்ப்யூட்டர் சாஸ்திரம் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. ஆயினும் அன்றைக்கு அந்த வீட்டில் விவரமாய்ப் பேசியவள் அவள் ஒருத்தியே.

விஷயம் இதுதான். லினக்ஸ் என்னும் ஆட்சியில் இயங்குவது ராஸ்பெரி பை. அதில் தயார் செய்த டிஸ்க், பெரும்பாலும் "எக்ஸ்ட்-4" என்ற முறையில் எழுதப்பட்டிருக்கும். விண்டோஸுக்கு அந்த எழுத்துத் தானாகப் படிக்க வராது. தனக்குப் படிக்க வரவில்லை என்று ஒப்புக்கொள்ளாமல், "இந்த ஏட்டில் ஒன்றும் இல்லை, சுத்தமாய்த் துடைத்துத் தரட்டுமா?" என்று அது கேட்கிறது. பழைய ஓலைச்சுவடியைக் கிரந்தம் தெரியாதவனிடம் கொடுத்தால், அடுப்பு மூட்டலாமா என்று கேட்பானே, அதைப் போல. ஆகவே, அந்தச் சீட்டு எழுந்தால் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு டிஸ்க்கை வெளியே எடுத்துவிடுங்கள். டிஸ்க் தெரியவில்லை என்பதற்கும் டிஸ்க்கில் ஒன்றுமில்லை என்பதற்கும் நெடுந்தூரம் உண்டு.

இனி, நாடி பிடிப்போம். முதல் நடிகன் மின்சாரம். பத்துப் புகார்கள் வந்தால் நான் முதலில் சந்தேகிப்பது இவனைத்தான்.

மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. கீழே நான்கு குழாய்கள். ஒன்றைத் திறந்தால் ஜோராகக் கொட்டுகிறது. நாலையும் திறந்தால் எல்லாம் சொட்டுகிறது. ராஸ்பெரி பையின் நான்கு யூஎஸ்பி துவாரங்களும் அப்படித்தான். 2019-ல் வந்த நான்காவது மாடலில், நான்கு துவாரங்களுக்கும் சேர்த்துக் கிடைப்பது மொத்தம் 1.2 ஆம்பியர். பென்டிரைவுக்கு இது ஏராளம். ஆனால் உள்ளே தட்டு சுழலும் ஹார்ட்டிஸ்க் இருக்கிறதே, அது சுழல ஆரம்பிக்கும் கணத்தில் ஏறக்குறைய ஒரு ஆம்பியரை ஒரே மடக்கில் குடித்துவிடும். வண்டி மாடு கிளம்பும்போது இழுக்கும் இழுப்பு, ஓடும்போது வேண்டியதில்லையல்லவா? பக்கத்தில் இன்னொரு டிஸ்க்கும் இருந்துவிட்டால், இரண்டும் "கிளிக், கிளிக்" என்று ஏங்கிவிட்டு மறுபடி மறுபடி விழுந்து எழும். அந்தச் சப்தம் கேட்டால், டிஸ்க் கெட்டுவிட்டது என்று அழுவதற்கு முன், வயிறு நிறைந்ததா என்று பாருங்கள்.

2023-ல் வந்த ஐந்தாவது மாடலில் ஒரு விசேஷம். அதற்கென்றே தயாரான 5 ஆம்பியர் அடாப்டரைப் பொருத்தினால், யூஎஸ்பி துவாரங்களுக்கு 1.6 ஆம்பியர் வரையில் கொடுக்கும். 3 ஆம்பியர் அடாப்டரைக் கண்டாலோ, தாராளத்தைச் சுருக்கிக்கொண்டு, எல்லாத் துவாரங்களுக்கும் சேர்த்து 0.6 ஆம்பியர்தான். இந்தக் கட்டுப்பாட்டைக் கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி எழுதித் தளர்த்திவிடலாம்; பலர் அவ்விதம் செய்யவும் செய்கிறார்கள். அந்த வரி குழாயைத் திறந்துவிடுமேயல்லாமல் தொட்டியில் தண்ணீரை நிரப்பாது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

நமது வீடுகளில் இதற்கு மேல் ஒரு சம்பிரதாயம் உண்டு. மேஜை டிராயரில் அநாதையாய்க் கிடக்கும் பழைய டெலிபோன் சார்ஜரைத் தேடி எடுத்து, "இதுவும் ஐந்து வோல்ட்தானே?" என்று மாட்டிவிடுகிறோம். சார்ஜர் ஐந்து வோல்ட் கொடுப்பது வாஸ்தவமாகவே இருக்கலாம். ஆனால் நீளமான மெல்லிய கேபிள் வழியில் கொஞ்சம் தின்றுவிடுகிறது. பலகையை வந்து சேரும்போது 4.63 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டால், ராஸ்பெரி பை திரையின் மூலையில் ஒரு மின்னல் குறியைக் காட்டும். திரையே மாட்டாமல் அலமாரிக்குள் வைத்திருப்பவர்களுக்கு அது எப்படித் தெரியும்? "வி.சி.ஜென்.கமாண்ட்" என்ற கட்டளையுடன் "கெட் த்ராட்டில்ட்" என்று கேட்டால், பூஜ்யம் என்று பதில் வரவேண்டும். 5-ல் ஆரம்பித்து நான்கு பூஜ்யங்களுடன் பதில் வருமானால், கடைசியாய் இயக்கியதிலிருந்து எப்போதோ ஒரு முறையாவது மின்சாரம் தாழ்ந்திருக்கிறது, கம்ப்யூட்டரும் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கடைசிப் பூஜ்யத்தின் ஸ்தானத்திலும் 5 இருந்தால், இந்த நிமிஷமே அந்த நிலைமைதான்.

மருந்து மிகவும் சுலபம். அந்த மாடலுக்கென்று விற்கும் அடாப்டரையே வாங்கிவிடுங்கள். சுழலும் டிஸ்க் இரண்டு மூன்று வேண்டுமென்றால், தனக்கென்று சுவரிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும் யூஎஸ்பி ஹப் ஒன்றை நடுவில் வையுங்கள். மலிவான ஹப்கள் சில, தம்முடைய மின்சாரத்தைப் பின்பக்கமாய்ப் பலகைக்குள்ளேயே தள்ளிவிடும். ராஸ்பெரி பையின் அடாப்டரைப் பிடுங்கிய பிறகும் அதன் சிவப்பு விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்தால் ஹப்பைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

என் நண்பர் வீட்டில் நடந்ததும் பாதி இதுதான். அடாப்டரை மாற்றியவுடன் டிஸ்க் கண்ணுக்குத் தெரிந்தது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். பெரியவரின் பதிவுகளை வேறொரு டிஸ்க்குக்குப் பிரதியெடுக்க ஆரம்பித்தோம். ஐந்து நிமிஷம் ஓடிற்று. அப்புறம் உறைந்து நின்றுவிட்டது. ஒரே தேகத்தில் இரண்டு வியாதி இருக்கக்கூடாது என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லையே!

இங்கே கம்ப்யூட்டரின் நாட்குறிப்பைப் புரட்டிப் பார்க்க வேண்டும். டி, எம், ஈ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்துக்களை அடித்தால், கம்ப்யூட்டர் தான் விழித்தெழுந்தது முதல் கண்டதையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பிக்கும். டிஸ்க்கைச் செருகிய பிறகு அதன் கடைசி இருபது வரிகளைப் படிப்பது, ஒன்பது மணி நேரம் ஊகம் செய்வதைவிட மேல். ஒரு வரியும் புதிதாக வரவில்லையென்றால், டிஸ்க் வாசற்படியையே தாண்டவில்லை. கேபிளை மாற்றுங்கள், துவாரத்தை மாற்றுங்கள். "டிவைஸ் டிஸ்க்ரிப்டர்" என்று ஆரம்பித்துக் கழித்தல் 71 அல்லது கழித்தல் 110 என்ற பிழை எண்ணில் முடிந்தால், உள்ளே நுழைந்தது, பேச ஆரம்பித்தது, பேச்சுக் குழறிவிட்டது என்று கொள்ளுங்கள். அநேகமாகக் கேபிளோ மின்சாரமோ காரணமாயிருக்கும். "ஐ ஓ எரர்" என்று செக்டர் எண்களோடு வரிசையாய் வருமானால், அது கவலைக்கிடம். அதற்குப் பிறகு வருகிறேன். "ரீசெட்" என்ற சொல்லும் "யூ.ஏ.எஸ்." என்ற சொல்லும் மாறி மாறி வந்தால், நம் இரண்டாவது நடிகர் மேடைக்கு வந்துவிட்டார்.

யூ.ஏ.எஸ். என்பது என்ன? பழைய முறையில் கம்ப்யூட்டர் டிஸ்க்கிடம் ஒரு காரியம் சொல்லும். அது முடிந்த பிறகே அடுத்ததைச் சொல்லும். புதிய முறையாகிய யூ.ஏ.எஸ்., நமது காப்பி ஹோட்டல் சர்வரைப் போன்றது. ஒரு மேஜையில் இரண்டு இட்லி, அடுத்ததில் ஒரு ரவா தோசை, மூலையில் மூன்று காப்பி, அதில் ஒன்று சர்க்கரையில்லாமல் என்று எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டு, எது முதலில் தயாரோ அதைக் கொண்டுவந்து வைப்பார். வேலை வெகு வேகம். ஆனால் ஞாபகசக்தி குறைந்த சர்வரிடம் இப்படி ஏககாலத்தில் சொன்னால் என்ன ஆகும்? சமையலறை வாசலில் திகைத்து நின்றுவிடுவார். டிஸ்க்குக்கும் யூஎஸ்பி கேபிளுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக இருக்கும் சிறிய சில்லுகளில் சில இந்தத் திகைக்கும் ஜாதி. சாடா எனப்படும் எஸ்எஸ்டி டிஸ்க்குகளை அடைத்து விற்கும் மலிவான பெட்டிகளில் இவை ஏராளம். நான்காவது மாடல் வந்து, நீல நிறமுள்ள வேகமான யூஎஸ்பி 3 துவாரங்கள் வீட்டுக்கு வீடு கிடைத்த பிறகுதான், இந்த வியாதி பரவலாகத் தெரிய வந்தது.

இதற்குச் சிகிச்சை, சர்வரிடம் ஒவ்வொன்றாய்ச் சொல்வதுதான். எல், எஸ், யூ, எஸ், பி என்று அடித்தால் செருகியுள்ள சாதனங்களின் பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் நான்கெழுத்தும் முக்காற்புள்ளியும் நான்கெழுத்துமாக ஒரு அடையாள எண் இருக்கும், உதாரணமாக, 152டி:0578. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பூட் பகுதியிலுள்ள "கமாண்ட் லைன்" கோப்பைத் திறந்து, இருக்கும் வரியின் ஆரம்பத்தில் யூஎஸ்பி, ஒரு சிறு கோடு, ஸ்டோரேஜ், ஒரு புள்ளி, க்வர்க்ஸ், சமக்குறி, அப்புறம் அந்த அடையாள எண், அதன் பின் முக்காற்புள்ளி, கடைசியில் யூ என்ற சிறிய ஆங்கில எழுத்து, எல்லாவற்றையும் இடைவெளியில்லாமல் எழுதி, பிறகு ஒரே ஒரு இடைவெளி விடுங்கள். 2023 அக்டோபருக்குப் பிறகு வந்த ராஸ்பெரி பை லினக்ஸ் பதிப்புகளில் அந்தக் கோப்பு பூட் பகுதிக்குள் ஃபர்ம்வேர் என்ற அறையில் இருக்கும். ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை: அந்தக் கோப்பு முழுவதும் ஒரே வரியாக இருக்க வேண்டும். அழகுக்காக இரண்டு வரியாய் மடித்து எழுதினீர்களோ, கம்ப்யூட்டர் எழுந்திருக்காது. மறுபடி இயக்கிய பின், அதே பட்டியல் கட்டளையோடு ஒரு கோடும் "டி" என்ற எழுத்தும் சேர்த்துக் கேட்டால், யூ.ஏ.எஸ். என்றிருந்த இடத்தில் யூஎஸ்பி ஸ்டோரேஜ் என்று மாறியிருக்கும். வேகம் கொஞ்சம் குறையும். குறைந்தால் என்ன? போய்ச் சேருகிறதல்லவா?

நண்பர் வீட்டு டிஸ்க்கில் இதைச் செய்து முடித்தபோது ராத்திரி பதினொரு மணி. பிரதியெடுப்பது ஒரே ஓட்டமாய் ஓடிற்று. சரியாய் வந்திருக்கிறதா என்று சோதிக்க ஒரு பதிவைப் போட்டோம். பெரியவர் நடுக்கதையில் இருந்தார். பாட்டியம்மாள் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அதற்குமேல் அன்றிரவு நாங்கள் கம்ப்யூட்டரைத் தொட முடியவில்லை.

மேற்படி பட்டியல் கட்டளை இன்னொரு ரகசியத்தையும் சொல்லும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் வேகம் போட்டிருக்கும்: 5000 என்றால் யூஎஸ்பி 3, 480 என்றால் யூஎஸ்பி 2. நீலத் துவாரத்தில்தான் செருகினேன், ஆனாலும் 480 என்று காட்டுகிறதே என்று சிலர் கேட்கிறார்கள். பிளக்கை மெதுவாக, பயபக்தியோடு செருகியிருப்பீர்கள்! அந்தப் பிளக்கில் பழைய முறைக்குரிய நான்கு தகடுகள் முன்னால் தொடுகின்றன. புதிய முறைக்குரியவை உள்ளே பின்னால் இருக்கின்றன. தயங்கித் தயங்கிச் செருகினால், முன்னால் தொட்டவை பழைய வேகத்துக்கே பேச்சை முடித்துவிடுகின்றன. வெளியே எடுத்து, ஒரே அழுத்தாய் அழுத்துங்கள். மூன்றாவது மாடலும் அதற்கு முந்தியவையும் வைத்திருப்பவர்கள் இந்த ஆராய்ச்சியில் இறங்க வேண்டியதில்லை. அவற்றில் நீலத் துவாரமே கிடையாது. 480 மெகாபிட் என்ற ஒற்றையடிப் பாதையில்தான் டிஸ்க்கும் நெட்வொர்க் கேபிளும் முட்டிக்கொண்டு போகின்றன. அங்கே மந்தமாயிருப்பது வியாதியல்ல, சுபாவம்.

டிஸ்க்கைச் செருகினால் வைஃபை போய்விடுகிறது என்று எழுதுகிறவர்களும் உண்டு. இதை முதலில் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் உண்மை. யூஎஸ்பி 3 ஓடும்போது அதன் கேபிளும் பிளக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுப்புகின்றன என்று இன்டெல் கம்பெனியே 2012-ல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. பழைய வைஃபையும் அதே அலைவரிசையில்தான் பேசுகிறது. வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அல்லது டிஸ்க்கை ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

"டிஸ்க்கைச் செருகாவிட்டால் கம்ப்யூட்டர் எழுந்திருப்பதில்லை" என்ற புகார் வேறு ரகம். காலையில் எழுந்ததும் எந்தெந்த டிஸ்க்கைத் திறக்க வேண்டும் என்று எஃப்.எஸ்.டேப் என்ற கோப்பில் எழுதி வைத்திருப்பீர்கள். அந்த டிஸ்க் ஊரில் இல்லாத நாளில், லினக்ஸ் ஒன்றரை நிமிஷம் வாசலைப் பார்த்துக் காத்திருந்துவிட்டு, பிறகு அவசர நிலைமையென்று சொல்லிப் படுத்துவிடும். அந்த வரியில் "நோஃபெயில்" என்ற சொல்லைச் சேர்த்தால், "வராவிட்டால் போகட்டும்" என்று தன் வேலையைப் பார்க்கும். அதே வரியில் டிஸ்க்கை எஸ்.டி.ஏ. என்றும் எஸ்.டி.பி. என்றும் குறிக்காமல், யூ.யூ.ஐ.டி. என்ற நீண்ட எண்ணால் குறியுங்கள். முன்னது வந்து சேரும் வரிசைப்படி மாறும். பின்னது ஜாதகத்தைப் போல டிஸ்க்கோடு கூடவே இருக்கும்.

இப்போது "ஐ ஓ எரர்" சமாசாரம். இது தேய்ந்துபோகும் டிஸ்க்கின் முனகலாக இருக்கக்கூடும். "ஸ்மார்ட்" பரீட்சை என்று ஒன்று உண்டு. டிஸ்க் தன் உடம்பைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்பு. அதில் 199-ஆம் எண்ணின் கணக்கு மட்டும் ஏறியிருந்தால், பெட்டிக்குள்ளே டிஸ்க் பொருந்தும் இணைப்பையே பெரும்பாலும் சந்தேகிக்கலாம், டிஸ்க் பிழைத்தது. 5-ஆம் எண்ணும் 197-ஆம் எண்ணும் நாளுக்கு நாள் ஏறினால், டிஸ்க்கின் நாட்கள் எண்ணப்படுகின்றன. அப்போது பழுது பார்க்கும் "எஃப்.எஸ்.சி.கே." கட்டளையை அவசரப்பட்டு ஏவாதீர்கள். சாகக் கிடப்பவரைக் குஸ்திக்கு அழைப்பது போன்றது அது. முதலில் "டிடி ரெஸ்க்யூ" என்ற கருவியால் டிஸ்க் முழுவதையும் வேறொரு நல்ல டிஸ்க்குக்குப் பிரதியெடுத்துக்கொள்ளுங்கள். படிக்க முடிகிற இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, அடம் பிடிக்கும் இடங்களுக்கு அப்புறம் திரும்பி வருவது அதன் சாமர்த்தியம். பிறகு வேண்டிய வைத்தியத்தையெல்லாம் பிரதியின் மேல் செய்யலாம்.

பென்டிரைவ்காரர்களுக்குத் தனியாக ஒன்று. மிக மலிவாய் 1 டெராபைட் என்று அச்சிட்டு விற்கும் பென்டிரைவ்களில் போலிகள் அதிகம். உள்ளே சொற்ப இடம் மட்டுமே இருக்கும். ஆனால் கேட்டால் ஆயிரம் கிகாபைட் என்று கூசாமல் சொல்லும். எழுதுவதையெல்லாம் வாங்கிக்கொள்வது போல் பாவனை செய்யும். திருப்பிக் கேட்கும்போது வெறுங்கையை விரிக்கும். லினக்ஸில் "எஃப்-3" என்ற கருவி, பென்டிரைவில் மிச்சமுள்ள இடம் நிறையும் வரையில் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்து, உண்மையான கொள்ளளவைச் சொல்லிவிடும். சோதனைக்குப் பல மணி நேரம் பிடிக்கும். வாங்கிய அன்றே, கல்யாணப் புகைப்படங்களை அதில் போடுவதற்கு முன்பே, இரவு படுக்கப் போகும்போது ஓடவிட்டுவிட்டால் காலையில் விடை தெரிந்துவிடும்.